தவளை மேடத்தின் புதுப் பாடம்

"இதுல போட்டிருக்கறது நிஜமாம்மா?" என்று மகன் கேட்டான். பல்கலைக்கழகத்திலிருந்து வந்த கடிதத்தைத் தன் தட்டுக்குப் பக்கத்தில் எழுத்துத் தெரியாதபடி கவிழ்த்து வைத்திருந்தான்.

காலை எட்டு மணி. அந்த வீட்டில் மூன்று பேர் வேலைக்குக் கிளம்ப வேண்டிய நேரம். மகன் காப்பீட்டு அலுவலகத்தில் உதவி மேலாளர். அவன் மனைவி பல்கலைக்கழக நூலகத்தில் உதவியாளர். அம்மா அதே பல்கலைக்கழகத்தில் விலங்கியல் பேராசிரியை. இருபத்தாறு வருஷமாகத் தவளையை அறுத்துக் காட்டியதில் மாணவர்கள் அவருக்குத் 'தவளை மேடம்' என்று பெயர் வைத்திருந்தார்கள். அது அவருக்கும் தெரியும். வருத்தமில்லை. பக்கத்து அறை ஆசிரியருக்குக் கிடைத்த பெயர் இதைவிட மோசம்.

"நிஜம்தான்" என்றார் மேடம்.

வேலைக்குப் போகாத நாலாவது ஆள், மேடத்தின் நாத்தனார். தம்பி இறந்த வருஷம் ஆறுதல் சொல்ல வந்தவர். பதினோரு வருஷமாக ஆறுதல் சொல்லிக்கொண்டு இங்கேயே இருக்கிறார். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு கடிதத்தைத் திருப்பி, எழுத்துக்கூட்டிப் படித்தார்.

"முதலாண்டு மாணவர்களுக்கான கட்டாயப் பாடம். மனிதப் பா... லி..."

அத்தோடு நிறுத்திவிட்டு, அவரே அதை மறுபடி கவிழ்த்து வைத்தார்.

"இத்தனை வருஷம் தவளையை அறுத்துக்கிட்டு கௌரவமா இருந்தே. இப்ப உனக்கு என்ன வந்துச்சு? என் தம்பி போய்ப் பதினோரு வருஷமாச்சு. உனக்கு எதுக்கும்மா இந்தப் பாடமெல்லாம்?"

"நான் கேட்டு வாங்கலை அண்ணி. குடுத்தாங்க."

"வேணாம்னு சொல்லிடுங்கம்மா" என்றான் மகன். "ஆபீஸ்ல எவனாவது கேட்டா நான் எந்த மூஞ்சியோட பதில் சொல்றது?"

மருமகள் ஒரு கையில் மாத்திரையும் இன்னொரு கையில் தண்ணீருமாக நின்றிருந்தாள். பேச்சு முடியட்டும் என்று காத்திருந்து, பிறகு வாயில் போட்டு விழுங்கினாள். கல்யாணமாகி நாலு வருஷம், குழந்தை இல்லை. மூன்று டாக்டர், இரண்டு வைத்தியர், கணக்கில்லாத மாத்திரை, மாதா மாதம் ஊசி. எல்லாம் அவளுக்குத்தான். எதிர்வீட்டிலிருந்து தெருமுனை மருந்துக் கடை வரைக்கும் அவளுக்கு ஏதோ குறை என்று தெரியும். நாத்தனார் சொல்லித்தான் தெரியும்.

பாடம் மேடத்துக்கு வந்து சேர்ந்த கதை ஒரு தனிக் கதை.

மேலிடத்து உத்தரவு வந்ததும் துறைத் தலைவர் கூட்டம் போட்டார். ஆண் ஆசிரியர்கள் முந்திக்கொண்டு, பெண் பிள்ளைகள் உட்கார்ந்திருக்கும் வகுப்பில் தாங்கள் இதைப் பேசினால் நன்றாக இருக்காது என்றார்கள். இளம் ஆசிரியை ஒருத்தி எழுந்து, "சார், எனக்கு இன்னும் கல்யாணம் ஆகலை" என்றாள். நியாயம்தான் என்று எல்லோரும் தலையாட்டினார்கள். அவளுக்குப் பக்கத்தில் இருந்தவள் எழுந்து, "சார், எனக்குக் கல்யாணம் ஆயிடுச்சு" என்றாள். அதுவும் நியாயம்தான் என்று அதே தலைகள் ஆடின.

கல்யாணம் ஆகாதவர்களும் ஆனவர்களும் போக மிச்சம் இருந்தது ஒரே ஒருவர். வீட்டில் கோபித்துக்கொள்ளப் புருஷன் இல்லை, வயது ஐம்பத்து மூன்று, வெளிர் நிறத்தில்தான் புடவை கட்டுகிறார். "மேடம்தான் பொருத்தம். தப்பா நினைக்க அவங்ககிட்ட என்ன இருக்கு?" என்று துறைத் தலைவர் பாராட்டிப் பேசினார். மேடம் அதைப் பாராட்டாக எடுத்துக்கொள்வதா என்று தெரியாமல் நன்றி சொல்லிவிட்டு வந்தார்.

அவர் எழுதிக் கொடுத்த பாடத்திட்டத்தைப் பரிசீலிக்க ஒரு குழு போட்டார்கள். பதிவாளர் தலைவர். வணிகவியல் துறைத் தலைவரும் உடற்கல்வி இயக்குநரும் உறுப்பினர்கள். மூவருக்கும் மொத்தம் எட்டுப் பிள்ளைகள். ஆனாலும் பாடத்திட்டத்தின் முதல் பக்கத்தைப் பார்த்ததுமே மூவரும் ஒன்றும் அறியாத பச்சைப் பிள்ளைகளாகிவிட்டார்கள்.

"மூணாவது வரியில ஒரு வார்த்தை இருக்கே" என்றார் பதிவாளர், அதன்மேல் பேனாவை வைக்காமல் காற்றில் காட்டி. "அதை வேற மாதிரி சொல்ல முடியாதா?"

"அது உடம்புல ஒரு உறுப்போட பேர் சார்."

"தெரியுது. கொஞ்சம் கடினமான தமிழ்ல போட்டுடுங்களேன்."

"போடலாம் சார். பசங்களுக்குப் புரியாது."

"அதுக்குத்தானே சொல்றேன்."

ஐந்தாம் பக்கத்துப் படத்தைப் பார்த்து வணிகவியல்காரர் இருமினார். படம் தேவைதானா, வெறும் அம்புக்குறி மட்டும் இருந்தால் போதாதா என்று கேட்டார். எதைக் காட்டுகிற அம்புக்குறி என்று மேடம் கேட்டதும் அடுத்த பக்கத்தைத் திருப்பினார். 'சம்மதம்' என்ற தலைப்பு உடற்கல்வி இயக்குநருக்குப் பிடிபடவில்லை. "கல்யாணம் ஆயிட்டா சம்மதம்தானே மேடம்? அதுக்கு எதுக்குத் தனியா ஒரு பாடம்?" என்று வெள்ளை மனதோடு கேட்டார். அதற்காகத்தான் சார் தனியாக ஒரு பாடம் என்று மேடம் சொன்னதை மூவரும் பொதுவான ஒரு கருத்தாக எடுத்துக்கொண்டார்கள்.

கடைசியில் இரண்டு நிபந்தனைகளோடு அனுமதி கிடைத்தது. ஆண்களும் பெண்களும் ஒருவரை ஒருவர் பார்க்கும்படி உட்காரக் கூடாது. யாரும் வாயைத் திறந்து கேள்வி கேட்கக் கூடாது. சந்தேகம் இருந்தால் பெயர் போடாமல் சீட்டில் எழுதி, நூலகத்தில் வைக்கப்போகும் பெட்டியில் போட வேண்டும். மாணவர் தேர்தலுக்கு வாங்கிய ஓட்டுப்பெட்டி சும்மாதான் கிடந்தது. அதைத் துடைத்து மருமகளின் மேசைமேல் வைத்தார்கள்.

முதல் நிபந்தனைக்காகக் கலையரங்க மேடையிலிருந்து சிவப்புத் திரையைக் கழற்றிக்கொண்டு வந்து வகுப்பறையின் நடுவே நீளவாக்கில் கட்டினார்கள். இந்தப் பக்கம் அறுபது, அந்தப் பக்கம் அறுபது. திரை முனையில் நின்ற மேடத்துக்கு மட்டும் இரண்டு பக்கமும் தெரியும். திரை தரையைத் தொடாமல் ஒரு முழம் தூக்கி நின்றது. அதனால் பாடம் ஆரம்பித்த பத்தாவது நிமிஷமே, எந்தச் செருப்பு யாருடையது என்று இரண்டு பக்கத்துக்கும் அத்துப்படியாகிவிட்டது. பாதிப் பேர் தும்மினார்கள். அந்தத் திரையை யாரும் தட்டிப் பார்த்துப் பல வருஷம் ஆகியிருந்தது.

முதல் வாரம் சிரிப்பிலேயே போயிற்று. மேடம் ஒரு சொல்லைச் சொன்னால் ஒரு பக்கம் கிளுக்கென்று சிரிக்கும். அந்தச் சிரிப்பைக் கேட்டு இன்னொரு பக்கம் சிரிக்கும். மேடம் தடுக்கவில்லை. முதல் தடவை தவளையை மேசைமேல் வைத்தபோதும் பிள்ளைகள் இப்படித்தான் சிரித்தார்கள். நாலாம் நாள் தானாக அடங்கும் என்று அவருக்குத் தெரியும். அடங்கியது.

இரண்டாம் வாரம் பெட்டியைத் திறந்தார். நாற்பத்தேழு சீட்டு. அதில் பதினொன்று ஒரே கேள்வி. கல்யாணமான முதல் நாள் ரத்தம் வரவில்லை என்றால் அந்தப் பெண் கெட்டுப்போனவள் என்று அர்த்தமா?

"இல்லை" என்றார் மேடம். "நிறையப் பேருக்கு வராது. வர்றதுக்கும் வராததுக்கும் நடத்தைக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. ஒரு பொண்ணோட உடம்பைப் பார்த்து அதைச் சொல்ல உலகத்துல எந்த டாக்டராலயும் முடியாது. சொன்னா அவர் பொய் சொல்றார்."

பெண்கள் பக்கம் யாரோ நீளமாக மூச்சு விட்டார்கள். பிறகு, நிபந்தனையை மீறி, ஆண்கள் பக்கத்திலிருந்து ஒரு குரல் வந்தது.

"மேடம், இதுக்காகத்தான் எங்க அக்காவைத் திருப்பி அனுப்பிட்டாங்க. கல்யாணமாகி அஞ்சாவது நாளு. அப்பா அவகிட்ட இன்னும் பேசறதில்லை." கொஞ்சம் நிறுத்தி, "நானும் பேசறதில்லை" என்றான்.

மேடம் சாக்பீஸைக் கீழே வைத்தார். "இன்னைக்கு வீட்டுக்குப் போய்ப் பேசு" என்றார். அன்றிலிருந்து வாய் திறக்கக் கூடாது என்ற நிபந்தனையை அந்த வகுப்பில் யாரும் ஞாபகம் வைத்துக்கொள்ளவில்லை, மேடம் உட்பட.

நாலாம் வாரம் ஒரு சீட்டு வந்தது. வழக்கம்போல் பிரித்ததும் உரக்கப் படிக்க ஆரம்பித்தார்.

"'கல்யாணமாகி நாலு வருஷமாகக் குழந்தை இல்லை. மாத்திரை நான்தான் சாப்பிடுகிறேன். ஊசி எனக்குத்தான். என் கணவருக்கு இதுவரை ஒரு சோதனையும் எடுக்கவில்லை...'"

அந்த இடத்தில்தான் கையெழுத்தைப் பார்த்தார். முனை மழுங்கிய, வரிசை தப்பாத, புத்தக முதுகில் எண் எழுதிப் பழகிய கையெழுத்து. அவர் வீட்டுச் சமையலறை டப்பாக்களில் அதே எழுத்துதான் ஒட்டியிருந்தது.

நூற்றிருபது பேர் காத்திருந்தார்கள். பாதியில் நிறுத்த முடியாது. மிச்சத்தையும் படித்தார்.

"'...எல்லா இடத்திலும் இப்படித்தான் செய்வார்களா?'"

பதில் அவருக்கு மனப்பாடம். இனப்பெருக்கப் பாடத்தில் வருஷா வருஷம் சொல்லுகிற பதில்தான்.

"செய்யக் கூடாது" என்றார். குரல் மட்டும் வழக்கத்தைவிடக் கொஞ்சம் தாழ்ந்திருந்தது. "குழந்தை இல்லைன்னா ரெண்டு பேரையும் சோதிக்கணும். கிட்டத்தட்டப் பாதித் தம்பதிங்க விஷயத்துல, குறையில ஆணுக்கும் ஒரு பங்கு இருக்கும். ஆணுக்கு எடுக்கற முதல் சோதனை சுலபமானது. ஊசி இல்லை, வலி இல்லை. அதை முதல்லயே எடுத்துடணும். அதை விட்டுட்டு ஒரு பொண்ணை நாலு வருஷம்..."

பெண்கள் பக்கத்தில் முன்வரிசையில் இருந்த ஒருத்தி கேட்டாள்: "ஏன் மேடம், அந்த வீட்ல பெரியவங்க யாரும் இல்லையா?"

"இருக்காங்க... இருப்பாங்க."

"படிச்சவங்களா?"

மேடம் கரும்பலகைப் பக்கம் திரும்பி, அழிப்பதற்கு ஒன்றும் இல்லாத இடத்தை அழித்தார். "படிச்சவங்களாத்தான் இருக்கும்" என்றார்.

"அப்ப அவங்க படிச்சது வேஸ்ட்டு மேடம்" என்றது திரைக்கு அந்தப் பக்கத்துக் குரல் ஒன்று. இரண்டு பக்கமும் சேர்ந்து சிரித்தன.

அன்று மதியம் மேடம் சாப்பிடவில்லை. ஆய்வுக்கூடத்தில் தனியாக உட்கார்ந்திருந்தார். மருமகளை எத்தனை தடவை தன் கையாலேயே மருத்துவமனைக்குக் கூட்டிப்போயிருக்கிறார். வெளியே நாற்காலியில் பத்திரிகையைப் புரட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். உள்ளே ஊசி போட்டுக்கொண்டு வருகிறவளின் கையைப் பிடித்து, "சரியாயிடும்மா" என்றிருக்கிறார். ஒரு தடவைகூட, அவனையும் ஒரு சோதனை எடுக்கச் சொல்லுவோம் என்று சொல்ல வாய் வந்ததில்லை. தெரியாமல் இல்லை. மகன் மனம் நொந்துபோவான், நாத்தனார் வானத்துக்கும் பூமிக்கும் குதிப்பார், இன்றைக்கு வேண்டாம், அடுத்த மாதம் பார்ப்போம் என்று நாற்பத்தெட்டு மாதம் ஓட்டியாயிற்று. பாடத்திட்டத்தில் ஒரு சொல்லை எழுதப் பயந்த மூன்று பேரைப் பார்த்து மனதுக்குள் சிரித்தாரே, அவருக்கும் அவர்களுக்கும் என்ன வித்தியாசம்? அவர்கள் குழு போட்டுப் பயந்தார்கள். இவர் தனியாகப் பயந்தார். அவ்வளவுதான்.

சாயங்காலம் எல்லோரும் வீட்டில் இருந்தபோது கைப்பையைக்கூட வைக்காமல் மகன் முன்னால் நின்றார்.

"நாளைக்கு நீ டாக்டரைப் போய்ப் பாரு. உனக்கு ஒரு சோதனை எடுக்கணும்."

"எனக்கா? எனக்கு என்ன?"

"அது தெரியத்தான் சோதனை."

தொலைக்காட்சிச் சத்தத்தைக் குறைத்துவிட்டு நாத்தனார் எழுந்து வந்தார். "என்னம்மா பேசறே? சிங்கக்குட்டி மாதிரி இருக்கான். அவனைப் போய்... எங்க வம்சத்துல ஆம்பளைங்களுக்கு அப்படி ஒண்ணு இருந்ததே இல்லை."

"யாருக்கும் சோதிச்சுப் பார்த்ததில்லை அண்ணி. அதனால இருந்ததில்லை."

"உங்க க்ளாஸை வீட்டுக்குக் கொண்டு வராதீங்கம்மா" என்றான் மகன். முகம் சிவந்திருந்தது. "இதுக்குத்தான் அந்தப் பாடம் வேணாம்னு அன்னைக்கே சொன்னேன்."

"நாலு வருஷம் முன்னாடியே கொண்டு வந்திருக்கணும். தப்பு என்னோடது."

மருமகள் சமையலறை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். மாமியாரை ஒரு தடவை பார்த்தாள். பிறகு புருஷனிடம், சத்தம் போடாமல், "நீங்க போற வரைக்கும் நான் மாத்திரை சாப்பிடப் போறதில்லைங்க" என்றாள். சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள்.

பத்து நாள் அந்த வீட்டில் பாத்திரங்கள்தான் பேசிக்கொண்டன. பதினோராம் நாள் மகன் விடுப்புப் போட்டான். உள்ளூரில் தெரிந்தவர்கள் பார்த்துவிடுவார்கள் என்று இரண்டு மணி நேரம் வண்டி ஓட்டி வேறொரு ஊருக்குப் போனான். அங்கேயும் தலைக்கவசத்தைக் கழற்றாமல் வரிசையில் உட்கார்ந்திருந்தான். பெயரைக் கூப்பிட்ட நர்ஸ், "சார், இங்க ட்ராஃபிக் இல்லை, கழட்டிடலாம்" என்றாள்.

முடிவு வந்த அன்று மனைவியையும் கூட்டிக்கொண்டு போனான். டாக்டர் வயதான அம்மாள். மருமகளின் நாலு வருஷத்துக் கோப்பைப் பொறுமையாகப் புரட்டிவிட்டு, "இவங்களுக்கு ஒண்ணும் இல்லையேப்பா. எதுக்கு இவ்வளவு மருந்து?" என்றார். குறை அவனிடம்தான். உயிரணு எண்ணிக்கை கம்மி. வைத்தியம் இருக்கிறது, ஆறு மாதம் பார்க்கலாம் என்றார். திரும்பி வரும் வழியில் மகன் வண்டியை ஓரமாக நிறுத்தினான். "நாலு வருஷம்..." என்று ஆரம்பித்தான். அவள் பின்னாலிருந்து இறங்கவும் இல்லை, ஆறுதல் சொல்லவும் இல்லை. அவன் மறுபடி கிளப்பும் வரைக்கும் சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

விஷயம் தெரிந்ததும் நாத்தனார் முதலில் செய்த காரியம், ஜன்னலைச் சாத்தியதுதான்.

"இது நாலு சுவத்துக்குள்ள இருக்கணும்" என்றார். "வெளிய ஒரு வார்த்தை போகக் கூடாது. குடும்ப மானம்னு ஒண்ணு இருக்கு."

நாலு வருஷமாகத் தெருவுக்கே தெரிந்திருந்த விஷயம் ஒரே சாயங்காலத்தில் குடும்ப ரகசியமாகிவிட்டது. குறை அதேதான். இருக்கிற உடம்பு மட்டும் மாறியிருந்தது.

அதே மாதம் பல்கலைக்கழகத்தில் குழு மறுபடி கூடியது. வருகைப் பதிவேட்டைப் பார்த்துப் பதிவாளர் கவலையில் ஆழ்ந்திருந்தார்.

"நூத்துக்கு நூறு வருகை மேடம். ஒருத்தன்கூட மட்டம் போடலை."

"சந்தோஷமான விஷயம்தானே சார்?"

"என் முப்பது வருஷ அனுபவத்துல சொல்றேன். ஒரு வகுப்புக்கு இவ்வளவு பேர் விரும்பி வர்றாங்கன்னா, அதுல ஏதோ தப்பு இருக்கு."

அடுத்த ஆண்டிலிருந்து பாடத்தின் பெயர் 'நல்வாழ்வும் நற்பழக்கமும்' என்று தீர்மானமாயிற்று. உடற்கல்வி இயக்குநர் நடத்துவார். முதல் அலகு, பல் துலக்கும் முறை. மேடம் தீர்மானத்தின் அடியில், தனக்கு உடன்பாடில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அப்படி ஒரு வரி அந்தக் கோப்பில் விழுவது அதுதான் முதல் தடவை என்பதால், அதை எந்தப் பக்கத்தில் சேர்ப்பது என்று அலுவலகத்தில் இரண்டு நாள் குழம்பினார்கள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை எதிர்வீட்டு அம்மாள் வந்தார். நல்ல மனசுக்காரி, யார் வீட்டுக் கஷ்டமானாலும் தன் கஷ்டம் மாதிரி நாலு பேரிடம் சொல்லி வருத்தப்படுவார். கையில் ஒரு துண்டுக் காகிதம். கூடத்தில் மகன் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தான். நாத்தனார் அவருக்கு நாற்காலி போட்டார். மருமகள் டீ கொண்டு வந்தாள்.

"உனக்காகத்தான்மா வந்தேன்" என்று மருமகளின் கையைப் பிடித்துக்கொண்டார் எதிர்வீட்டு அம்மாள். "புதுசா ஒரு லேடி டாக்டர் வந்திருக்காங்களாம். உன்னை மாதிரிப் பொண்ணுங்க எத்தனை பேருக்குச் சரி பண்ணியிருக்காங்க தெரியுமா? அட்ரஸ் எழுதிக்கிட்டு வந்திருக்கேன். மனசைத் தளர விடாதே."

நாத்தனார் முந்திக்கொண்டு, "என்ன பண்றது, அவ தலையெழுத்து" என்று பெருமூச்சு விட்டார்.

மருமகள் கையை மெதுவாக விடுவித்துக்கொண்டு, டீத் தட்டை அவர் முன்னால் நீட்டினாள்.

"எனக்கு ஒண்ணும் இல்லைங்க" என்றாள். "வைத்தியம் அவருக்குத்தான் நடக்குது."

செய்தித்தாள் ஒரு தடவை சலசலத்தது. பக்கம் திரும்பவில்லை. மகன் எழுந்து போகவும் இல்லை, இல்லை என்று சொல்லவும் இல்லை. நாத்தனாரின் வாய் திறந்தபடி நின்றது. எதிர்வீட்டு அம்மாள், சின்னப் பெண் ஏதோ உளறிவிட்டாள், பெரியவர் ஒருத்தர் திருத்திச் சொல்லட்டும் என்கிற மாதிரி மேடத்தின் பக்கம் திரும்பினார்.

"சரியாத்தான் சொல்றா" என்றார் மேடம். "உங்க டீக்கு சர்க்கரை போதுமா பாருங்க."